மூலநிரல் மாற்றிகளுக்கு ஓர் அடிப்படை வகுப்பு: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே நிறுத்துவது

கேள்வியின் சாரம் இது: பெரியதொரு பைத்தான் நிரல்தொகுப்பில் வழக்கொழிந்த அழைப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றும் சிறு சிறு மாற்றிகளைப் பலர் எழுதப்போகிறார்கள், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை வகுப்பு எப்படி இருக்க வேண்டும், அதில் எந்தெந்த மெத்தட்கள் இடம்பெற வேண்டும்?

மெத்தட்களின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். துணை வகுப்பை, அதாவது அடிப்படை வகுப்பிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு மாற்றியையும், எழுதுபவரின் பொறுப்பிலிருந்து எவற்றையெல்லாம் எடுத்துவிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோப்பைத் திறப்பது, அதன் எழுத்துக் குறிமுறையைக் கண்டறிவது, பார்ஸ் செய்வது (உரையைப் பகுத்துத் தொடரியல் மரமாக்குவது), அந்த மரத்தில் ஏறி இறங்குவது, மாறிய உரையைத் திரும்ப எழுதுவது, நடுவில் பிழை எழுந்தால் அடுத்த கோப்புக்குப் போவது ஆகிய எதுவும் துணை வகுப்பின் கண்ணில் படக் கூடாது. அதனிடம் மிஞ்ச வேண்டியது ஒரே கேள்வி: இந்தக் கணுவை, அதாவது மரத்தின் இந்த உறுப்பை, என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு என்னென்ன பதில்கள் செல்லும் என்பதை வரையறுப்பதுதான் வடிவமைப்பின் கடினமான பகுதி. மற்றவை பெரும்பாலும் குழாய் வேலை.

பேச்சுக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நிரலின் ஓட்டச் செய்திகளைப் பதிவுசெய்யும் பைத்தானின் லாகிங் தொகுதியில் லாக்கர் பொருளுக்கு ‘வார்ன்’ என்றொரு பழைய மெத்தட் உண்டு; அது கைவிடப்பட்டு ‘வார்னிங்’ என்பதே பரிந்துரைக்கப்படுகிறது. பார்த்தால் எளிய பெயர்மாற்றம். ஆனால் ‘வார்னிங்ஸ்’ என்ற வேறொரு தொகுதியிலும் ‘வார்ன்’ என்ற செயல்கூறு இருக்கிறது. அது முற்றிலும் செல்லுபடியானது, அதைத் தொடக் கூடாது. இந்தச் சின்ன வேலையிலேயே அடிப்படை வகுப்பு சந்திக்க வேண்டிய சிக்கல்களில் பாதி வந்துவிடுகிறது.

முதலில் மரம். எந்த வகை மரத்தின் மேல் வேலை செய்யப்போகிறோம் என்பது அடிப்படை வகுப்புக்கு முன்பே தீர்மானமாக வேண்டிய ஒன்று. பைத்தானுடன் வரும் ஏஎஸ்டி தொகுதி கருத்தளவிலான தொடரியல் மரத்தைத் தருகிறது. அதில் கருத்துரைகள் இல்லை, வெற்று வரிகள் இல்லை, ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்ற தகவலும் இல்லை. 3.9 பதிப்பிலிருந்து அந்த மரத்தை மறுபடி உரையாக்கும் செயல்கூறு அந்தத் தொகுதியிலேயே கிடைக்கிறது என்றாலும், அதன் வழியாக ஒரு கோப்பை அனுப்பினால் கருத்துரைகள் அத்தனையும் காணாமல் போயிருக்கும். மனிதர்கள் தொடர்ந்து படித்துத் திருத்தும் நிரலுக்கு இது ஏற்கத்தக்கதன்று. ஆகவே எழுத்துக்கு எழுத்து மூலத்தை மீட்டுத் தரக்கூடிய மரம் தேவை. பைத்தானில் லிப்சிஎஸ்டி, ஜாவாவில் ஓப்பன்ரீரைட்டின் இழப்பில்லா மரம், சி-ஷார்ப்பில் ராஸ்லின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஜாவாஸ்கிரிப்டில் ரீகாஸ்ட் வேறொரு வழியில் போகிறது: மாறிய கணுக்களை மட்டும் புதிதாக அச்சிட்டு, மாறாத பகுதிகளுக்குப் பழைய உரையையே வைத்துக்கொள்கிறது.

பார்சரைத் துணை வகுப்புகளிடமிருந்து முழுவதுமாக மறைத்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். நாளை பார்சர் மாறினாலும் மாற்றிகள் அப்படியே இருக்கும் என்ற எண்ணம். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பைத்தான் 2 நிரலை 3-க்கு மாற்ற உதவிய லிப்2டு3 தொகுதி, அடுத்த ஒரு சொல்லை மட்டும் முன்னோக்கிப் பார்க்கும் எல்எல்(1) வகைப் பார்சரின் மேல் கட்டப்பட்டது, பைத்தான் 3.9-இல் அதைவிட நெகிழ்வான பெக் பார்சருக்கு மொழி மாறிய பின், 3.10-இல் வந்த சில புதிய தொடரியல் வடிவங்களை அது பார்ஸ் செய்ய இயலாத நிலை உருவாயிற்று. 3.11-இல் அது கைவிடப்பட்டதாக முறையாக அறிவிக்கப்பட்டு, 3.13-இல் நீக்கவும்பட்டது. அதை நம்பி எழுதப்பட்ட மாற்றிகள் அதனுடனே போயின. இருந்தும், எல்லா மரங்களுக்கும் பொதுவான ஓர் இடைப்படலத்தை நீங்களே எழுத முனைவது வீண் என்பது என் கருத்து. மாற்றியின் உயிரே அந்த மரத்தின் கணு வகைகளோடு பேசுவதில்தான் இருக்கிறது. அதை மறைத்தால் மறைக்கும் படலம் மரத்தைவிடப் பெரிதாகிவிடும். பார்சரைக் கூப்பிடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கணு வகைகள் வெளிப்படையாகத் தெரியட்டும்.

இனி மையமான ஒப்பந்தம். துணை வகுப்பின் முதன்மை மெத்தட் ஒரு கணுவைப் பெற்று எதையோ திருப்பித் தருகிறது. அது எதையும் தராவிட்டால் என்ன பொருள்? இதற்கு இருக்கும் கருவிகள் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பைத்தான் ஏஎஸ்டியின் நோட்டிரான்ஸ்ஃபார்மர் வகுப்பில் ‘நன்’ (எதுவுமில்லை என்ற மதிப்பு) திரும்பினால் அந்தக் கணு மரத்திலிருந்து நீக்கப்படும். லிப்2டு3-இன் பேஸ்ஃபிக்ஸ் வகுப்பில் அதே ‘நன்’ மாற்றம் ஏதும் இல்லை என்று பொருள்படும். பிஎச்பி நிரலை மாற்றும் ரெக்டர் கருவியிலும் ‘நல்’ (‘நன்’ போன்றதே) என்றால் மாற்றமில்லை. ஓப்பன்ரீரைட்டிலோ ‘நல்’ என்றால் நீக்கம், வந்த கணுவையே திருப்பித் தந்தால்தான் மாற்றமில்லை. இவற்றில் நோட்டிரான்ஸ்ஃபார்மரின் ஏற்பாடு ஆபத்தானது. பைத்தானில் ஒரு செயல்கூறு எதையும் திருப்பித் தராமல் முடிந்தால் தானாகவே ‘நன்’ திரும்பும். ‘இது நமக்குத் தேவையில்லாத அழைப்பு’ என்று நினைத்து வெறும் ரிட்டர்ன் எழுதியவர், தான் தொட விரும்பாத கூற்றையே அழித்துவிடுவார். மரம் பல சமயம் அதற்குப் பிறகும் செல்லுபடியாகவே இருக்கும் என்பதால் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

எனவே அழிவை விளைவிக்கும் செயல் எதுவும் தவறுதலாக நிகழக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். நீக்கம் என்பது பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய ஒன்று. லிப்சிஎஸ்டியில் நீக்கத்துக்கெனத் தனி அடையாள மதிப்பு இருக்கிறது, ஒரு கூற்றைப் பல கூற்றுகளாக விரிப்பதற்கு இன்னொன்று இருக்கிறது. வெறும் ‘நன்’ திரும்பினால் அது பிழை எழுப்புகிறது. உங்கள் அடிப்படை வகுப்பிலும் செல்லத்தக்க பதில்கள் நான்காக இருக்கலாம்: அப்படியே விடு; இதனால் மாற்று; இவற்றால் மாற்று; நீக்கு. ஐந்தாவதாக இன்னொன்றும் வேண்டும். பெரும்பாலான வடிவமைப்புகளில் அது விடுபட்டுப் போகிறது.

லாக்கர் உதாரணத்துக்குத் திரும்புவோம். ஒரு கோப்பின் தலைப்பில் லாக்கர் பொருள் உருவாக்கப்பட்டு, கீழே அதன் ‘வார்ன்’ அழைக்கப்பட்டால் நாம் உறுதியாக மாற்றலாம். ஒரு செயல்கூறுக்கு உள்ளீடாக வந்த ‘எல்’ என்ற மாறியின் மேல் ‘வார்ன்’ அழைக்கப்பட்டால்? அது லாக்கராகவும் இருக்கலாம், யாரோ எழுதிய வேறு வகுப்பாகவும் இருக்கலாம். பைத்தான் போன்ற மொழியில் ஒரு கோப்பை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாத சந்தர்ப்பங்கள் தாராளமாக உண்டு. அத்தகைய இடத்தில் மாற்றுவதும் தவறு, சத்தமில்லாமல் விட்டுவிடுவதும் தவறு. ‘இந்த இடத்தைக் கண்டேன், ஆனால் தொடவில்லை, காரணம் இது’ என்று பதிவுசெய்யும் வழியை அடிப்படை வகுப்பு தர வேண்டும். சி++ நிரலைச் சோதிக்கும் கிளாங்-டைடி கருவியின் சோதனை வகுப்பில் இது இயல்பாகவே அமைந்திருக்கிறது: எச்சரிக்கை தருவது ஒரு செயல், அதனுடன் திருத்தக் குறிப்பை இணைப்பது விருப்பத்துக்கு விட்ட இன்னொரு செயல். இந்த வசதி இல்லாத சட்டகத்தில், மாற்றி எழுதுபவர் மாற்றுவதற்கும் விடுவதற்கும் இடையே ஊகம் செய்யத் தள்ளப்படுகிறார். பொதுவாக மாற்றும் பக்கமே சாய்கிறார்.

அடுத்து, துணை வகுப்புக்குத் தரப்படும் கணு எது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரத்தைக் கீழிருந்து மேலாக மாற்றிக்கொண்டு வரும்போது, ஒரு கணுவிடம் வந்து சேர்வதற்குள் அதன் உட்கணுக்கள் மாறியிருக்கக்கூடும். ஓர் அழைப்பின் உள்ளீடாக அதே செயல்கூறின் இன்னொரு அழைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் அழைப்பு மாற்றப்பட்டுவிட்டது. வெளி அழைப்பை மாற்றும்போது துணை வகுப்பு மூலக் கணுவிலிருந்து புதியதைக் கட்டினால், உள்ளே செய்த மாற்றம் அழிந்துபோகும். ஒரு கணுவை விட்டு வெளியேறும்போது அழைக்கப்படும் லிப்சிஎஸ்டியின் ‘லீவ்’ மெத்தட்கள் மூலக் கணு, புதுப்பித்த கணு என இரண்டையும் தருவது இதனால்தான்: இடம், எல்லை, பெயர் பற்றிய தகவல்களை மூலக் கணுவைக் கொண்டு தேட வேண்டும், புதிய கணுவைப் புதுப்பித்த கணுவிலிருந்து கட்ட வேண்டும். விதி எளியது, தொடர்ந்து மீறப்படுவதும் அதுவே. அடிப்படை வகுப்பு உங்கள் கையில் இருப்பதால் இரண்டையும் உள்ளீடுகளாகத் தராமல், புதுப்பித்த கணுவை மட்டும் தந்து, மூலக் கணுவைச் சார்ந்த தகவல்களை ‘இதன் முழுப்பெயர் என்ன’, ‘இது எந்த வரியில் இருந்தது’ போன்ற கேள்விகளாக, அடிப்படை வகுப்பு உடன் தரும் ஒரு சூழல் பொருளிடம் கேட்க வைக்கலாம். நான் இதையே விரும்புவேன். மரத்தில் நடக்கும் பொறுப்பு அடிப்படை வகுப்பிடமே இருந்தால் இன்னொரு பொறியும் தானாக மறைகிறது: நோட்டிரான்ஸ்ஃபார்மரில் உட்கணுக்களைப் பார்வையிடும் அழைப்பைத் துணை வகுப்பே எழுத வேண்டும், மறந்தால் அந்தக் கிளைக்குக் கீழே எதுவும் மாறாது.

கணுக்கள் மாற்ற இயலாதவையாக இருக்கட்டும். லிப்2டு3-இல் கணுவை இருந்த இடத்திலேயே திருத்தவும் செய்யலாம், புதியதைத் திருப்பித் தரவும் செய்யலாம். இரண்டு வழி இருந்தால் இரண்டும் ஒரே மெத்தடில் கலந்து வரும், எது எப்போது மாறியது என்று தேடுவது பெரும்பாடு. மாற்ற இயலாத கணுக்களில், மாறாத கணுக்களை மறுபடி கட்டாமல் அப்படியே பயன்படுத்தினால், ‘மாறியதா’ என்ற கேள்விக்குப் பழைய வேரும் புதிய வேரும் ஒரே பொருளா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

நிலை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாற்றி பல கோப்புகளைக் கடந்து செல்கிறது. அதன் மாறிகளில் முந்தைய கோப்பின் எச்சம் தங்கினால் வரும் பிழை, கோப்புகளின் வரிசையைப் பொறுத்துத் தோன்றியும் மறைந்தும் விளையாடும். ஒரே பொருளை எல்லாக் கோப்புகளுக்கும் பயன்படுத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் துடைக்கும் மெத்தட்களை வைப்பது ஒரு வழி. கோப்புக்கு ஒரு புதிய பொருளை உருவாக்கித் தூக்கிப்போடுவது இன்னொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பொருளை உருவாக்கும் செலவு பார்ஸ் செய்யும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை. பல செயல்முறைகளில் இணையாக ஓட்டுவதும் எளிதாகிவிடும்.

ஆனால் சில மாற்றிகளுக்குக் கோப்புகளைத் தாண்டிய அறிவு உண்மையிலேயே தேவை. ஒரு வகுப்பு எந்தக் கோப்பில் வரையறுக்கப்பட்டது, அதன் துணை வகுப்புகள் எவை என்று தெரிந்தால்தான் ஒரு மெத்தடின் பெயரை மாற்ற முடியும். இதை வகுப்பளவிலான மாறிகளில் ஒளித்துவைக்க விடாதீர்கள். ஓப்பன்ரீரைட்டில் இதற்கெனத் தனி அடிப்படை வகுப்பே உண்டு: முதலில் எல்லாக் கோப்புகளையும் எதையும் மாற்றாமல் பார்வையிட்டு ஒரு திரட்டில் தகவல் சேர்ப்பது, பிறகு அந்தத் திரட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுவது. சேர்க்கும் கட்டமும் மாற்றும் கட்டமும் இப்படி வெளிப்படையாகப் பிரிந்திருந்தால், எந்த மாற்றியை ஒற்றைக் கோப்பின் மேல் ஓட்டலாம், எதற்கு முழுத் தொகுப்பும் வேண்டும் என்பது வகுப்பின் தலைப்பைப் பார்த்தே விளங்கும். ஒற்றைக் கோப்பு மாற்றிகளே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றின் தலையில் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்பதற்காகவே இதைத் தனி வகுப்பாக்கச் சொல்கிறேன்.

இம்போர்ட் வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஏறக்குறைய எல்லா மாற்றிகளுக்கும் தேவைப்படும். சேர்க்கும் வரி கோப்பின் விளக்கச் சரத்துக்குப் பிறகும், ‘ஃப்யூச்சர்’ இம்போர்ட்களுக்குப் பிறகும் வர வேண்டும். நீக்கும்போது அந்தப் பெயர் வேறெங்கும் பயன்படவில்லை என்பதையும், ‘ஆல்’ பட்டியலின் வழியாக வெளியே தரப்படவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மாற்றி தன் தேவையைச் சூழல் பொருளிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். கோப்பு முடிந்த பின் எல்லாத் தேவைகளையும் சேர்த்து ஒரே முறையில் நிறைவேற்றட்டும். இப்படிப்பட்ட உதவிகளை அடிப்படை வகுப்பின் மெத்தட்களாக அடுக்கிக்கொண்டே போகாமல் தனித்தனிப் பொருள்களாக வைப்பது நல்லது. இல்லையேல் ஓரிரு ஆண்டுகளில் அடிப்படை வகுப்பு எவரும் தொட அஞ்சும் மூட்டையாகிவிடும்.

எழுதும் கட்டத்தில் மூன்று கவனங்கள். முதலாவது வரி முடிவுகள்: பைத்தானில் ஒரு கோப்பை இயல்பான உரை முறையில் திறந்தால் விண்டோஸ் பாணி வரி முடிவுகள் படிக்கும்போதே ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும், லினக்ஸில் திரும்ப எழுதினால் ஒரு சொல்லை மாற்றப் போய்க் கோப்பு முழுவதும் மாறியதாக வேறுபாட்டுப் பட்டியல் காட்டும். கோப்பைப் பைட்டுகளாகப் படித்து பைட்டுகளாகவே எழுதுவது இதைத் தவிர்க்கும். இரண்டாவது, உரை மாறாவிட்டால் கோப்பை எழுதவே கூடாது.

மூன்றாவது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது: எழுதுவதற்கு முன் புதிய உரையை மீண்டும் பார்ஸ் செய்து பாருங்கள், அந்த மரத்தை மாற்றி கட்டிய மரத்தோடும் ஒப்பிடுங்கள். பார்ஸ் ஆனால் போதாது என்பதற்குக் காரணம் செயற்குறிகளின் முன்னுரிமை. ‘கூட்டு(அ, ஆ) * 2’ என்ற கோவையில் அழைப்பை ‘அ + ஆ’ ஆக மாற்றினால், மரத்தில் கூட்டல் பெருக்கலின் உள்ளே சரியாகவே அமர்ந்திருக்கும். ஆனால் எழுத்துக்கு எழுத்து அச்சிடும் மரங்கள் அடைப்புக்குறியைத் தாமாகச் சேர்க்காதவையாக இருந்தால் உரையில் ‘அ + ஆ * 2’ என்று வரும். இது பிழையின்றிப் பார்ஸ் ஆகும், வேறொரு விடையைத் தரும். இரு மரங்களின் அமைப்பையும் ஒப்பிட்டால் மட்டுமே இது சிக்கும். ஒவ்வொரு மாற்றியும் அடைப்புக்குறிகளை நினைவில் வைத்திருக்கும் என்று நம்புவதைவிட, மாறிய கோப்புகளுக்கு மட்டும் இந்தச் சோதனையை அடிப்படை வகுப்பிலேயே நடத்துவது மேல்.

இரண்டாம் முறை ஓட்டினால் எதுவும் மாறக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தின் பகுதியே. பெயர்மாற்றங்கள் இயல்பாகவே இதை நிறைவேற்றும். ஒன்றைச் சுற்றி இன்னொன்றை எழுதும் மாற்றிகள் பெரும்பாலும் நிறைவேற்றுவதில்லை, ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்னொரு சுற்று ஏறும். பல மாற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும்போது ஒன்று செய்ததை மற்றொன்று கலைப்பதும் நடக்கும். லிப்2டு3-இல் ஓட்ட வரிசைக்கு ஓர் எண் உண்டு, இயல்பு மதிப்பு 5. எண்களால் வரிசைப்படுத்துவது சில மாற்றிகள் வரை தாங்கும், அதற்கு மேல் யாருக்கு எந்த எண் என்ற பேரமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சோதித்துத் திருத்தும் ஈஎஸ்லின்ட் வேறு வழியைக் கொண்டிருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று விழும் திருத்தங்களை ஒரே சுற்றில் செய்யாது, மீண்டும் மீண்டும் ஓடும், 10 சுற்றுகளில் நின்றுவிடும். உங்கள் தேவை ஒருமுறை செய்து முடிக்கும் இடம்பெயர்வு என்பதால், மாற்றிகளை ஒவ்வொன்றாக ஓட்டித் தனித்தனி கமிட்டாக (பதிப்பு வரலாற்றில் ஒரு பதிவாக) சேர்ப்பதே எளிது. அப்போது வரிசைச் சிக்கல் வகுப்புக்குள் நுழையவே தேவையில்லை.

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும்: மரத்தை மரமாக மாற்றும் இந்த முழு அமைப்பும் சி, சி++ மொழிகளுக்குப் பொருந்தாது. மேக்ரோக்கள் (வேறு நிரல் உரையாக விரியும் சுருக்கப் பெயர்கள்) விரிந்த பின்பே மரம் உருவாகிறது. அதைத் திரும்ப அச்சிட்டால் மனிதர் எழுதிய நிரல் கிடைக்காது. ஆகவே கிளாங் கருவிகளில் மரம் படிப்பதற்கு மட்டுமே. வெளியீடு என்பது ‘இந்த இடத்திலிருந்து இத்தனை எழுத்துகளை எடுத்துவிட்டு இதைப் போடு’ என்ற உரைத் திருத்தங்களின் தொகுப்பு. பிற்காலத்தில் அந்த மொழிகளையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இரண்டுக்கும் ஒரே அடிப்படை வகுப்பை இழுத்து நீட்டாதீர்கள். கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும், முடிவுகளைத் தொகுக்கும் ஓட்டியைப் பொதுவாக வைத்து, வகுப்புகளைத் தனியே வையுங்கள்.

கடைசியாகச் சோதனை. ரெக்டரில் ஒவ்வொரு விதியோடும் முன்–பின் நிரல் மாதிரிகளைக் கொண்ட ஒரு வரையறையை எழுதும் முறை உண்டு. ஆவணமாகப் பயன்படும் அந்த மாதிரிகளை உங்கள் அடிப்படை வகுப்பு கட்டாயமாக்கி, சோதனையாகவும் ஓட்டலாம். துணை வகுப்பு இரண்டு பட்டியல்களைத் தர வேண்டும்: மாற வேண்டிய மாதிரிகள், மாறக் கூடாத மாதிரிகள். சோதனைச் சட்டகம் முதல் பட்டியலை ஓட்டி எதிர்பார்த்த உரையோடு ஒப்பிடும், வந்த உரையை மறுபடி உள்ளே அனுப்பி இரண்டாம் முறை மாறவில்லை என்பதைப் பார்க்கும், ஒவ்வொரு மாதிரியின் வரி முடிவுகளையும் விண்டோஸ் பாணிக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டும். இரண்டாம் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து அதே உரை திரும்புகிறதா என்று பார்க்கும். இரண்டாம் பட்டியல் காலியாக இருந்தால் சோதனை தோற்க வேண்டும். லாக்கர் மாற்றிக்கு அந்தப் பட்டியலின் முதல் வரி ‘வார்னிங்ஸ்’ தொகுதியின் ‘வார்ன்’ அழைப்பாக இருக்கும். அதை எழுதும் கட்டாயம் இல்லையென்றால், அப்படியொரு தொகுதி இருப்பதே பலருக்கு மாற்றியை ஓட்டிய பிறகுதான் நினைவுக்கு வரும்.